மாவுச்சத்தை எதுவரை குறைப்பது? மூன்று அளவுகள், ஓர் ஒப்பீடு

மாவுச்சத்தை, அதாவது கார்ப்பைக் குறைக்கப் போகிறேன் என்று சொல்வது எளிது. எதுவரை என்று கேட்டால்தான் சிக்கல். ஒருவர் இருபது கிராமைத் தாண்டவே கூடாது என்பார். அடுத்தவர் நூறு கிராம் இருக்கட்டும் என்பார். மூன்றாமவர், சர்க்கரையையும் மைதாவையும் நிறுத்து, மற்றதைத் தொடாதே என்பார். மூவருமே எடை குறைந்த கதையைச் சொல்வதால் கேட்பவருக்குக் குழப்பம்தான் மிச்சம்.

எடையை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசைகளும் சேர்ந்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் கிளைக்கோஜனை, அதாவது குளுக்கோஸின் சேமிப்பு வடிவத்தை, வைத்திருக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரைந்தால் நீரும் போய்விடும். ஓராண்டுக் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் சுருங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரு குழுவாகப் பிரித்து ஓராண்டு கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கியிருந்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை.

எடையில் பெரிய வேறுபாடு இல்லை என்றால், சத்துகளின் சமநிலையில்தான் வேறுபாட்டைத் தேட வேண்டும். அங்கே அது நிறையவே இருக்கிறது. தட்டிலிருந்து மாவுச்சத்தை எடுத்த பிறகு அந்தக் காலி இடத்துக்கு என்ன வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் கேட்கப்போகும் கேள்வி.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் நார்ச்சத்து. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தானியம், பருப்பு, பழம் மூன்றையும் குறைத்தால் முதலில் அடிபடுவது இதுதான்.

இரண்டாவது, கொழுப்பின் தரம். வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. 1800 கலோரி சாப்பிடுபவருக்கு அது 20 கிராம்.

மூன்றாவது, வைட்டமின்களும் தாதுக்களும். குறிப்பாக ஃபோலேட் எனப்படும் பி9, தயமின் எனப்படும் பி1, வைட்டமின் சி, மக்னீசியம், பொட்டாசியம்.

நான்காவது, உங்களுக்கு ஏற்கெனவே உள்ள நோயும் நீங்கள் சாப்பிடும் மருந்தும். ஐந்தாவது, ஓராண்டு கழித்தும் இதையே சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்களா என்பது.

புரதத்தைத் தனி அளவுகோலாகச் சேர்க்கவில்லை. மூன்று வழிகளிலும் அதன் தேவை ஏறக்குறைய ஒன்றுதான். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது அடிப்படை. எடை குறைக்கும் காலத்தில் தசை கரையாமலிருக்க 1.2 கிராமோ அதற்குச் சற்று மேலோ வைத்துக்கொள்வது நல்லது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மிகக் கடுமையான கீட்டோ, நடுவில் குறைந்த கார்ப், கடைசியாக மிதமான குறைப்பு என்று மூன்று வழிகள். ஒப்பிட வசதியாக மூன்றுக்கும் 1800 கலோரி என்றே வைத்துக்கொள்கிறேன்.

| | கீட்டோ | குறைந்த கார்ப் | மிதமான குறைப்பு |
|---|---|---|---|
| நாளுக்கு மாவுச்சத்து | 20–50 கிராம் | 50–130 கிராம் | 130–200 கிராம் |
| மாதிரிக் கணக்கு: மாவுச்சத்து / புரதம் / கொழுப்பு | 30 / 90 / 147 கிராம் | 100 / 100 / 111 கிராம் | 170 / 85 / 87 கிராம் |
| 25 கிராம் நார் கிடைக்குமா | திட்டமிட்டால் மட்டும் | கொஞ்சம் கவனித்தால் | எளிதாக |
| நிறைவுற்ற கொழுப்பை 20 கிராமுக்குள் வைப்பது | மிகக் கடினம் | முடியும் | எளிது |
| நுண்சத்துக் குறைபாட்டு ஆபத்து | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| மருந்து மாற்றம் | தொடங்கும் முன்பே | பெரும்பாலும் தேவை | சிலருக்கு |
| பிறருடன் அமர்ந்து சாப்பிடுவது | சிரமம் | சமாளிக்கலாம் | சிக்கலில்லை |

## 130 என்ற எண்

பட்டியலில் 130 ஓர் எல்லைக்கோடாக நிற்கிறது. அமெரிக்காவின் மருத்துவக் கழகம், மூளை ஒரு நாளில் செலவழிக்கும் குளுக்கோஸை வைத்துக் கணக்கிட்ட பரிந்துரை அளவு அது. அதற்குக் கீழே போனால் மூளை பட்டினி கிடக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி ஆவதில்லை. கல்லீரல் புரதத்திலுள்ள அமினோ அமிலங்களிலிருந்தும் கொழுப்பிலுள்ள கிளிசராலிலிருந்தும் குளுக்கோஸைத் தயாரித்துக்கொள்ளும். மாவுச்சத்து மிகக் குறைந்தால் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளை உண்டாக்கும், மூளை தன் எரிபொருளில் பெரும்பங்கை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

உடலால் தயாரிக்க முடியாததால் உணவில் இன்றியமையாத அமினோ அமிலங்கள் உண்டு, இன்றியமையாத கொழுப்பு அமிலங்களும் உண்டு, ஆனால் இன்றியமையாத மாவுச்சத்து என்று ஒன்று கிடையாது. கீட்டோ ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துவிடும் இந்த வாதம் உயிர்வேதியியலில் சரியானதே. சாப்பாட்டு மேசையில்தான் அது தடுமாறுகிறது. மாவுச்சத்தை யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. பருப்போடு ஃபோலேட்டும் மக்னீசியமும் வருகின்றன, பழத்தோடு பொட்டாசியமும் வைட்டமின் சியும், முழுத்தானியத்தோடு தயமினும் நாரும். குளுக்கோஸை உடல் தயாரித்துக்கொள்ளும். நாரையும் ஃபோலேட்டையும் அது தயாரிக்காது.

## கீட்டோ: 20 முதல் 50 கிராம்

இது உடல் மெலிய வேண்டும் என்று பிறந்த உணவுமுறை அல்ல. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக முன்வைத்தது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவமனைகளில் தரப்படுகிறது. அங்கே உணவியல் வல்லுநர் ஒவ்வொரு கிராமையும் அளக்கிறார், வைட்டமின் மாத்திரைகள் கூடவே போகின்றன, சிறுநீரகக் கல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். வீட்டில் செயலியைப் பார்த்துத் தொடங்குபவருக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது.

நார்ச்சத்தை எடுத்துக்கொள்வோம். கீட்டோவில் 25 கிராம் நார் கிடைக்கவே கிடைக்காது என்பது தவறு. மாவில்லாத காய்கள் 400 கிராமில் சுமார் 10 கிராம் நார் இருக்கிறது. சியா விதை 25 கிராமில் எட்டு கிராமுக்கு மேல், வெண்ணெய்ப்பழம் 100 கிராமில் ஏறக்குறைய ஏழு, பாதாம் ஒரு கைப்பிடியில் மூன்றரை. கூட்டினால் 28 கிராமை ஒட்டி வரும். செரித்துச் சர்க்கரையாகாத நாரைக் கழித்துப் பார்த்தால் இவை எல்லாவற்றிலும் சேர்த்து இருபது சொச்சம் கிராம் மாவுச்சத்துதான். கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இந்த நான்கையும் தினமும் சாப்பிட வேண்டும், ஒன்றைத் தவறவிட்டால் ஈடுகட்ட இடமில்லை. முட்டை, இறைச்சி, சீஸ் என்று நாளை ஓட்டுபவருக்குப் பத்து கிராம் நார் சேர்ந்தால் அதிகம். இரண்டாவது வாரத்தில் வரும் மலச்சிக்கலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கொழுப்பில்தான் கீட்டோ பெரிதாகச் சறுக்குகிறது. மாதிரிக் கணக்கில் 147 கிராம் கொழுப்பு. அதில் நிறைவுற்றது 20 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றால் மீதி 127 கிராமும் கொட்டைகள், விதைகள், ஆலிவ் எண்ணெய், கொழுப்பு மிகுந்த மீன் போன்றவற்றிலிருந்து வர வேண்டும். இரண்டே மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெய் அந்த 20 கிராமைத் தீர்த்துவிடும். காபியில் வெண்ணெய் போட்டுக் குடிப்பவர் காலை எட்டு மணிக்கே பாதி தூரம் போயிருப்பார்.

ஸ்டான்ஃபோர்டின் இன்னோர் ஆய்வு 2022இல் வந்தது. நீரிழிவோ அதற்கு முந்தைய நிலையோ உள்ள 40 பேரைச் சேர்த்து, ஒவ்வொருவரையும் 12 வாரம் கீட்டோவிலும் 12 வாரம் மத்தியதரைக்கடல் உணவுமுறையிலும் (காய், பருப்பு, பழம், முழுத்தானியம், ஆலிவ் எண்ணெய், மீன்) வைத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு இறங்கியது. இரத்தத்திலுள்ள ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு கீட்டோவில் 16 விழுக்காடு இறங்க, மற்றதில் ஐந்துதான். அது கீட்டோவுக்கு வெற்றி. ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் கீட்டோவில் பத்து விழுக்காடு ஏறியது, மற்றதில் ஐந்து விழுக்காடு இறங்கியது. நாரும் தயமினும் வைட்டமின் சியும் கீட்டோ வாரங்களில் குறைந்திருந்தன. அவர்கள் சாப்பிட்டது பாக்கெட் உணவல்ல, காய்கறியை வலியுறுத்திய நல்ல கீட்டோ என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. முதல் வாரத் தலைவலியும் களைப்பும் பெரும்பாலும் உப்பும் நீரும் போவதால் வருபவை. இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியேற்றுகிறது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு இதனாலேயே அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். வேகமாக ஓடுபவர்களுக்கும் இழப்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் உயர்நிலை நடைப்போட்டி வீரர்களிடம் நடந்த ஆய்வில், கீட்டோ குழு கொழுப்பை நன்றாக எரிக்கக் கற்றுக்கொண்டது, ஆனால் அதே வேகத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டதால் போட்டி நேரம் மேம்படவில்லை.

பிறகு, கீட்டோ என்று பெரிதாக அச்சிட்ட பிஸ்கட்டுகளும் சாக்லேட்டுகளும். அவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் மால்டிட்டால் இரத்தச் சர்க்கரையைக் கணிசமாக ஏற்றும். பொட்டலத்தின் ஊட்டச்சத்துச் சிட்டையைப் பார்த்து நாரைக் கழிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கச் சிட்டைகளில் மாவுச்சத்து எண்ணுக்குள் நார் அடக்கம். ஐரோப்பியச் சிட்டைகளில் அது ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். இறக்குமதிப் பொருளில் இன்னொரு முறை கழித்தால் உங்கள் முப்பது உண்மையில் ஐம்பதாக இருக்கும்.

கீட்டோவே சரி என்று சொல்லக்கூடிய சூழல்கள் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று வலிப்பு நோய், அதுவும் மருத்துவமனைக் கண்காணிப்பில். இன்னொன்று, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர் சில மாதங்களுக்குள் சர்க்கரையைத் தீவிரமாக இறக்க விரும்பி, மருந்தை மாற்றித் தர மருத்துவரும் உடனிருக்கும்போது. 2021இல் வெளியான 23 ஆய்வுகளின் தொகுப்பில், குறைந்த கார்ப் முறைகள் ஆறு மாதத்தில் நீரிழிவைத் தணிப்பதில் முந்தின. பன்னிரண்டு மாதம் ஆனபோது அந்த முன்னணி கரையத் தொடங்கியிருந்தது.

காய்கறிகூட வேண்டாம், இறைச்சி மட்டும் என்ற பூஜ்ய கார்ப் முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். நார் பூஜ்யம், ஃபோலேட்டும் வைட்டமின் சியும் அடிமட்டம். ஒப்பிட அங்கே ஒன்றுமில்லை.

## குறைந்த கார்ப்: 50 முதல் 130 கிராம்

நூறு கிராம் கிடைத்தவுடன் தட்டு மாறிவிடுகிறது. வேகவைத்த பயறோ பருப்போ 150 கிராம் எடுத்தால் 30 கிராம் மாவுச்சத்து செலவாகும். பதிலுக்கு 12 கிராம் நாரும் 13 கிராம் புரதமும் கிடைக்கும். ஒரு பழத்துக்கு 15 முதல் 25 கிராம். ஒரு கோப்பைப் பாலுக்கு 12. காய்கறிகளுக்கு 20. இவ்வளவுக்குப் பிறகும் சிறிதளவு தானியத்துக்கு இடம் மிஞ்சும். வேகவைத்த வெள்ளை அரிசி 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்தும் அரை கிராமுக்கும் குறைவான நாரும் இருக்கின்றன என்பதால், அந்த மிச்சத்தை எதற்குச் செலவழிப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கும். இதைச் சம்பளக் கணக்கு போலப் பார்ப்பது எனக்கு வசதியாக இருக்கிறது: நாரும் ஃபோலேட்டும் கொண்டுவருபவற்றுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் அரிசியும் ரொட்டியும்.

சைவ உணவுக்காரர்களுக்கு இந்த அளவுதான் நடைமுறையில் கீழ் எல்லை என்பது என் கருத்து. தாவரப் புரதத்தில் பெரும்பகுதி மாவுச்சத்தோடுதான் வருகிறது. கொண்டைக்கடலையில் ஒன்பது கிராம் புரதம் வேண்டுமென்றால் 27 கிராம் மாவுச்சத்தும் கூடவே வரும். டோஃபு, முட்டை, தயிர், பாலாடைக்கட்டி இருந்தால் கீழே போகலாம்தான், ஆனால் தட்டு சலித்துப்போகும். பாலும் முட்டையும் சாப்பிடாதவர் எந்த அளவைத் தேர்ந்தாலும் பி12 மாத்திரை கட்டாயம்.

இந்த வழியின் மறைந்திருக்கும் செலவு, தட்டுக்குத் தட்டு தரம் மாறுவது. ஒரே நூறு கிராமை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சாப்பிடலாம். ஒருவர் பருப்பு, பழம், காய், மீன். இன்னொருவர் தினமும் இரண்டு ரொட்டி, பொரித்த இறைச்சி, வறுவல், கொஞ்சம் இனிப்பு. எண்ணில் இருவரும் குறைந்த கார்ப்தான். 2018இல் அமெரிக்காவின் 15,000க்கும் மேற்பட்டோரை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. மாவுச்சத்தின் இடத்தில் விலங்குக் கொழுப்பும் புரதமும் வந்தவர்களிடம் இறப்பு விகிதம் கூடியிருந்தது. தாவரக் கொழுப்பும் புரதமும் வந்தவர்களிடம் குறைந்திருந்தது. இது கவனிப்பு ஆய்வு, காரணத்தை நிரூபிக்காது. எண்ணை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு ஆதாரமாக எனக்கு அது போதும்.

இரண்டாம் வகை நீரிழிவும் அதற்கு முந்தைய நிலையும் உள்ளவர்களுக்கும், டிரைகிளிசரைடு ஏறியிருப்பவர்களுக்கும், மாவுச்சத்து குறைந்தால் பசி அடங்குவதை உணர்பவர்களுக்கும் இதுவே முதல் தேர்வு என்பேன். 2019இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அறிக்கையும், மாவுச்சத்தைக் குறைப்பது இரத்தச் சர்க்கரையை மேம்படுத்துவதில் அதிகச் சான்று உள்ள வழி என்று ஒப்புக்கொண்டது. அது எந்த ஓர் எண்ணையும் அனைவருக்குமாக நிர்ணயிக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

## மிதமான குறைப்பு: 130 முதல் 200 கிராம்

சர்க்கரை பானம், பழச்சாறு, இனிப்பு, மைதாப் பண்டங்கள் போய்விடும். தானியத்தின் அளவு பாதியாகும், அதிலும் முழுத்தானியம். பருப்பு, பழம், பால் அப்படியே இருக்கும். சத்துச் சமநிலையில் இதற்குப் பெரிய குறை எதுவும் இல்லை என்பதால் அதிகம் சொல்ல வேண்டியதும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பலன் மெதுவாகத் தெரியும். முதல் வாரத் தண்ணீர் இழப்பு இல்லாததால் எடை இயந்திரம் உற்சாகப்படுத்தாது. கோடு எங்கே என்று தெளிவாக இல்லாததால் ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று நழுவிப் பழைய அளவுக்கே போய்விடுவது சுலபம். கறாரான விதி இருந்தால்தான் கட்டுப்பாடு வரும் என்ற இயல்புடையவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் நடு வழிக்குப் போவது நல்லது.

நோய் எதுவும் இல்லாமல் ஐந்தாறு கிலோ குறைக்க நினைப்பவர், கடும் உடற்பயிற்சி செய்பவர், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல் செய்பவர், எல்டிஎல் ஏற்கெனவே கூடியிருப்பவர் ஆகியோருக்கு இதிலிருந்து கீழே இறங்கக் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

## தேர்வு உங்கள் கையில் இல்லாத நிலைமைகள்

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள் முதல் இரண்டு வழிகளையும் தாமாகத் தொடங்கக் கூடாது. பல நாடுகளில் மாவில் ஃபோலேட்டின் செயற்கை வடிவமான ஃபோலிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. மாவை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். அமெரிக்காவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கருவுறும் முன் மாவுச்சத்தை மிகவும் குறைத்திருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் நரம்புக்குழாய்க் குறைபாடு (மூளையோ தண்டுவடமோ கருவில் சரியாக உருவாகாதது) சுமார் 30 விழுக்காடு அதிகம் என்று கண்டது. என்ன உணவுமுறையில் இருந்தாலும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் பரிந்துரைக்கப்படுகிறது.

மருந்துகளில் மூன்று வகையைப் பெயரோடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவரும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவரும் மருந்தளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று ‘க்ளிஃப்ளோசின்’ என முடியும் மருந்துகள் இன்னும் தந்திரமானவை. அவற்றோடு கீட்டோ சேர்ந்தால், இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன்கள் அளவுமீறி இரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை, வரலாம். சர்க்கரை அளவு சாதாரணமாக இருப்பதால் வாந்தியையும் மூச்சுத்திணறலையும் வேறு ஏதோ என்று நினைத்து நேரத்தை இழந்துவிடுவார்கள்.

முதல் வகை நீரிழிவு, சிறுநீரக நோய், கணைய அழற்சி வந்த வரலாறு, கொழுப்பைச் செரிப்பதில் பரம்பரைக் கோளாறு, உணவு உட்கொள்ளலில் மனநலம் சார்ந்த சிக்கல் ஆகியவை இருப்பவர்களுக்குக் கீட்டோ வேண்டாம்.

## தொடங்கிய பிறகு

தொடங்கும் முன் கொழுப்புச் சோதனை, எச்பிஏ1சி, சிறுநீரகச் சோதனை மூன்றையும் எடுத்து வையுங்கள். முன்பு எவ்வளவு என்று தெரியாமல் பின்பு எடுக்கும் சோதனையால் பயன் குறைவு. மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். நடுவில் மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி, நார் எவ்வளவு வந்தது என்று மட்டும் கூட்டிப் பாருங்கள். மாவுச்சத்தை எண்ண ஆயிரம் செயலிகள் இருக்கின்றன, நாரை எண்ணுபவர்கள் குறைவு.

எல்டிஎல் ஏறியிருந்தால் முதலில் அளவை விட்டுவிட்டு வகையை மாற்றுங்கள். வெண்ணெய், தேங்காய் எண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி ஆகியவற்றின் இடத்தில் கொட்டை, விதை, மீன். ஆறு முதல் எட்டு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், பருப்பாகவும் பழமாகவும் ஐம்பது கிராம் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். அந்த வாரம் எடை ஒரு கிலோ ஏறினால் பயப்பட வேண்டாம், கிளைக்கோஜனோடு திரும்பி வரும் தண்ணீர் அது.